சாலினாஸ் முதல் பிரவுன்ஸ்வில் வரை: அமெரிக்காவின் லத்தீன் தாய்மார்களும் சுற்றுச்சூழல் நஞ்சும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடோர், போர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு என்று பல ஊர்களில் வேர் உள்ள, அமெரிக்காவில் வாழும் மக்களைப் பற்றி. இவர்களைத்தான் லத்தீன் மக்கள், லத்தீனோ என்கிறோம். 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 6.2 கோடிப் பேர். இவர்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிட முடியாது. ஹூஸ்டனில் மூன்றாம் தலைமுறையாக வாழும் வக்கீலும் லத்தீனோதான். மெக்சிகோவின் ஓஹாக்கா மலையிலிருந்து வந்து, ஸ்பானிஷ்கூடச் சரியாகத் தெரியாமல், மிஷ்டெக் மொழி மட்டும் பேசிக்கொண்டு ஸ்ட்ராபெர்ரி பறிக்கிற 22 வயதுப் பெண்ணும் லத்தீனோதான். இந்தப் பக்கம் பெரும்பாலும் அந்த இரண்டாவது பெண்ணைப் பற்றியது. அவர் வேலை செய்யும் வயல், குடியிருக்கும் வாடகை வீடு, குடிக்கும் தண்ணீர், அவர் வயிற்றில் வளரும் பிள்ளை.

இதை ஏன் தமிழில் எழுத வேண்டும்?

இரண்டு காரணம். கலிபோர்னியாவில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். சான் ஹோசேயில் காரை எடுத்து 101 நெடுஞ்சாலையில் தெற்கே ஒரு மணி நேரம் போனால் சாலினாஸ். இரண்டு பக்கமும் கீரையும் லெட்யூஸும் ஸ்ட்ராபெர்ரியும்தான், நடுவே குனிந்த முதுகுகள். நம் வீட்டு ஃபிரிட்ஜில் இருப்பதில் நிறைய அங்கிருந்து வருகிறது. இன்னொரு காரணம், கீழே ஈயத்தைப் பற்றி எழுதியிருக்கிற பகுதி. அதைப் படிக்கும்போது இது அடுத்த வீட்டுக் கதை இல்லை என்று தெரியும்.

நஞ்சு எல்லாருக்கும் நஞ்சுதானே, கர்ப்பிணிக்கு மட்டும் ஏன் தனிப் பேச்சு?

நஞ்சுக்கொடி நல்ல வடிகட்டி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பல விஷயங்களுக்கு அது உண்மையில்லை. ஈயம் கிட்டத்தட்ட தடையே இல்லாமல் பிள்ளைக்குப் போகிறது. பாதரசமும் பல பூச்சிமருந்துகளும் அப்படித்தான். ஈயத்தில் இன்னொரு கெட்ட விஷயம் உண்டு. உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். கர்ப்ப காலத்தில் பிள்ளையின் எலும்புக்காகத் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது, பத்து வருஷத்துக்கு முன்னால் வேறொரு நாட்டில் உள்ளே போன ஈயமும் சேர்ந்து கரைந்து வரும். இன்றைக்கு அவள் எந்தத் தப்பும் செய்யாமலே இது நடக்கும்.

பூச்சிமருந்தின் சில வகைகளை உடைத்துப்போட நம் ரத்தத்தில் ஒரு நொதி இருக்கிறது. பிறந்த குழந்தையிடம் அது பெரியவர்களைவிட மிகவும் குறைவு. பெரிய ஆளுக்கு "பரவாயில்லை" என்று போட்ட அளவு வயிற்றுப் பிள்ளைக்குப் பரவாயில்லை ஆகாது.

சாமாகோஸ் ஆய்வு என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது என்ன?

மெக்சிகோ ஸ்பானிஷில் சாமாகோ என்றால் பொடியன், வாண்டு. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிரெண்டா எஸ்கனாசியும் அவர் குழுவும் 1999–2000இல் சாலினாஸ் பள்ளத்தாக்கில் 601 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஆரம்பித்த ஆய்வு. பெரும்பாலானவர்கள் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். தாங்களோ வீட்டில் இன்னொருவரோ வயலில் வேலை செய்பவர்கள். கர்ப்ப காலத்தில் சிறுநீர் எடுத்து அதில் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடைந்து வரும் கழிவு எவ்வளவு என்று அளந்தார்கள். அப்புறம் பிறந்த பிள்ளைகளை விடாமல் தொடர்ந்தார்கள், அந்த வாண்டுகள் இப்போது பெரியவர்கள்.

கிடைத்தது என்ன? தாயின் சிறுநீரில் அளவு கூடியிருந்த இடத்தில், பிறந்த குழந்தையின் அனிச்சை அசைவுகளில் கோளாறு அதிகம் தெரிந்தது. கர்ப்ப காலம் சற்றே குறுகியது. 2011இல் வந்த கட்டுரைதான் பெரிய பேச்சானது: மிக அதிக அளவு இருந்த தாய்மார்களின் பிள்ளைகள், ஏழு வயதில், மிகக் குறைந்த அளவு இருந்தவர்களின் பிள்ளைகளைவிட ஐ.க்யூ.வில் சராசரியாக 7 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். ஒரு பிள்ளையைப் பார்த்து இந்த 7 புள்ளியைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பள்ளிக்கூடம் முழுக்க அப்படி நகர்ந்தால், தனிக்கவனம் தேவைப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை சட்டென்று ஏறிவிடும்.

"மருந்துதான் காரணம் என்று நிரூபித்துவிட்டார்களா?" என்று கேட்பீர்கள். இந்த மாதிரி ஆய்வில் தொடர்பைக் காட்டலாம், ஒவ்வொரு பிள்ளைக்கும் இதுதான் காரணம் என்று விரல் நீட்ட முடியாது. ஆனால் அதே 2011இல் நியூயார்க்கில் இரண்டு தனித்தனிக் குழுக்கள், வேறு தாய்மார்களை வைத்து, கிட்டத்தட்ட இதே திசையில் முடிவு சொன்னார்கள். மூன்று பேர் தனித்தனியாகப் போய் ஒரே வாசலில் வந்து நின்றால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

வயலுக்கே போகாத கர்ப்பிணிக்கும் வருமா?

வரும். மூன்று வழி. கணவனின் சட்டை, தொப்பி, பூட்ஸில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருவது ஒன்று. காற்றில் மிதந்து வருவது இன்னொன்று, வயலுக்கும் வீட்டுக்கும் நடுவில் சில இடங்களில் ஒரு மண்பாதைதான் இருக்கும். மூன்றாவது, வீட்டிலேயே அடிக்கும் கரப்பான் மருந்து. பழைய வாடகைக் கட்டடம், ஒரே அறையில் ஆறு பேர் என்றால் கரப்பான் வராமல் என்ன செய்யும்?

ஸ்ட்ராபெர்ரிக்குத் தனிக் கதை உண்டு. நடுவதற்கு முன்னால் மண்ணுக்குள் வாயுவைச் செலுத்தி, புழு பூஞ்சை எல்லாவற்றையும் கொன்று, மேலே பிளாஸ்டிக் விரிப்பை மூடுவார்கள். நெடுஞ்சாலையில் போகும்போது ஏரி மாதிரி மினுங்குவது அதுதான். முன்பு மெத்தில் புரோமைடு. அதை அதிகம் பயன்படுத்திய வயல்களுக்கு 5 கிலோமீட்டருக்குள் கர்ப்பத்தின் நடுமாதங்களில் இருந்தவர்களின் பிள்ளைகள் பிறப்பு எடை குறைந்து இருந்ததை அதே சாமாகோஸ் குழு காட்டியது. அந்த வாயு ஓசோனைக் கெடுப்பதால் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதற்கு மாற்று என்று 2010 டிசம்பரில் கலிபோர்னியா மெத்தில் அயோடைடை அனுமதித்தது, ஆய்வக முயல்களில் குட்டிகள் வயிற்றிலேயே செத்துப்போகின்றன என்று தெரிந்த பிறகும். விஞ்ஞானிகளும் தொழிலாளர்களும் கிளப்பிய எதிர்ப்பில், 2012 மார்ச்சில் உற்பத்தியாளரே அமெரிக்கச் சந்தையிலிருந்து அதை எடுத்துக்கொண்டார். இப்போது குளோரோபிக்ரினும் 1,3-டைகுளோரோபுரோப்பீனும் ஓடுகின்றன.

குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தைத் தடை செய்துவிட்டார்கள் என்று படித்தேனே?

வீட்டுக்குள் தடை செய்தார்கள், வயலுக்கு மறுத்தார்கள், பிறகு அங்கேயும் செய்தார்கள், கோர்ட் எடுத்தது. மேலே சொன்ன ஆர்கனோபாஸ்பேட் வகைதான் இது. நம் ஊர் உரக்கடையிலும் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

வீட்டுக்குள் அடிப்பதை அமெரிக்கா 2000இல் ஒப்பந்தம் போட்டு, அடுத்த ஆண்டிலிருந்து நிறுத்தியது. இந்த நிறுத்தம் தற்செயலாக ஒரு நல்ல பரிசோதனையாக அமைந்தது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் அப்போது வாஷிங்டன் ஹைட்ஸ், ஹார்லெம், தெற்கு பிராங்க்ஸ் பகுதிகளில் டொமினிக்கன் பெண்களையும் கறுப்பினப் பெண்களையும் கர்ப்பத்திலிருந்து தொடர்ந்துகொண்டிருந்தார்கள். 2001க்கு முன் பிறந்த பிள்ளைகளின் தொப்புள் கொடி ரத்தத்தில் மருந்து கூடக் கூட எடை குறைந்தது. 2001க்குப் பின் மருந்தின் அளவே வேகமாக விழுந்தது, எடைக்கும் மருந்துக்குமான அந்தத் தொடர்பும் காணாமல் போனது.  விதி மாறியது, ரத்தம் மாறியது.

வயலில் மட்டும் தொடர்ந்தது. அதாவது நகரத்து டொமினிக்கன் பிள்ளைக்குக் கிடைத்த பாதுகாப்பு சாலினாஸ் மெக்சிகோப் பிள்ளைக்குக் கிடைக்க இன்னும் இருபது வருஷம் ஆனது. 2017 மார்ச்சில் அன்றைய சுற்றுச்சூழல் முகமைத் தலைவர் ஸ்காட் புரூயிட் தடைக் கோரிக்கையை நிராகரித்தார். கலிபோர்னியா பொறுக்காமல் தானே 2020 முடிவோடு கிட்டத்தட்ட எல்லா உபயோகத்தையும் நிறுத்தியது. 2021 ஆகஸ்டில் கூட்டாட்சி அரசு உணவுப் பயிர்களில் தடை போட்டது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024 டிசம்பரில் 11 பயிர்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதற்குத் தடை என்று முகமை ஒரு முன்மொழிவு வைத்தது. அந்த 11இல் ஸ்ட்ராபெர்ரியும் உண்டு, ஆனால் கலிபோர்னியாவின் சொந்தத் தடை அங்கே நிற்கிறது.

மருந்தடிக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

கலிபோர்னியாவில் இப்போது முடியும். 2025 மார்ச்சிலிருந்து ஸ்பிரே-டேஸ் என்று மாநில அரசின் ஒரு சேவை இருக்கிறது. முகவரியைப் போட்டால் சுற்றுவட்டத்தில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகள் அடிக்கப்படுவதற்கு முன்னால் தகவல் வரும். வயலின் துல்லியமான இடம் காட்டாது, சுமார் ஒரு மைலுக்கு ஒரு மைல் கட்டம்தான் காட்டும் என்பது குறை. பொதுப் பள்ளிகளுக்குக் கால் மைலுக்குள், திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6 முதல் மாலை 6 வரை, காற்றில் பரவக்கூடிய விதத்தில் மருந்தடிக்கக் கூடாது என்று 2018 முதல் விதி. பள்ளிக்கு விதி இருக்கிறது, பக்கத்திலேயே கர்ப்பிணி படுத்திருக்கும் டிரெய்லர் வீட்டுக்கு அந்த விதி இல்லை.

வெயில் எவ்வளவு பெரிய பிரச்சினை?

மருந்தைவிடப் பெரியது என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் அது உடனே கொல்லும். 2008 மே மாதம் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் அருகே ஒரு திராட்சைத் தோட்டத்தில் 17 வயதுப் பெண் ஒருத்தி, மெக்சிகோவிலிருந்து வந்தவள், மணிக்கணக்காக வெயிலில் வேலை செய்து மயங்கி விழுந்தாள். நிழலும் இல்லை, பக்கத்தில் தண்ணீரும் இல்லை. இரண்டு நாளில் இறந்துபோனாள். உடம்பு வெப்பம் 108 ஃபாரன்ஹீட்டைத் தொட்டிருந்தது. இரண்டு மாதக் கர்ப்பிணி என்று மருத்துவமனையில்தான் தெரிந்தது.

இத்தனைக்கும் அந்த மாநிலத்தில் 2005இலேயே வெயில் விதி வந்துவிட்டது, அமெரிக்காவில் முதல் முறையாக. இப்போதைய விதிப்படி 80 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால், அதாவது 27 செல்சியஸ் அளவில், நிழல் அமைத்திருக்க வேண்டும். ஆளுக்கு மணிக்கு சுமார் ஒரு லிட்டர் தண்ணீர். வேண்டும்போது குறைந்தது 5 நிமிஷம் நிழலில் உட்காரும் உரிமை. 95 தாண்டினால் கூடுதல் கண்காணிப்பு. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. டெக்சாஸ் எதிர்த்திசையில் போனது: நகரங்கள் தாங்களாகப் போட்டிருந்த தண்ணீர் இடைவேளை விதிகளைச் செல்லாததாக்க 2023இல் சட்டம். 2024இல் புளோரிடாவும் உள்ளூர் வெயில் விதிகளைத் தடுத்தது.

கர்ப்பிணியின் உடம்பு தானே கூடுதல் வெப்பத்தை உண்டாக்கும், சீக்கிரம் நீர் வற்றும். அமெரிக்காவில் 3 கோடிக்கும் மேற்பட்ட பிறப்புகளை உள்ளடக்கிய 68 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வந்த ஒரு மதிப்பாய்வு, வெப்பத்துக்கும் காற்று மாசுக்கும் குறைப்பிரசவத்தோடும் எடைக் குறைவோடும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. இதில் யாரும் வெளியே பேசாத ஒன்று, ஒதுங்க இடம். கழிப்பறை வயலின் மறுகோடியில் இருந்தால், அல்லது நாறினால், பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். கூடை எண்ணிக்கைக்குக் கூலி என்றால் நடந்துபோய் வரும் நேரமும் காசுதான். இதை நம் ஊர் நாற்று நடும் பெண்களிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் போதாதா?

போதாது, நைட்ரேட் விஷயத்தில் கெடுதலும்கூட. கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக மிச்சத்தில் நைட்ரேட் அடர்த்திதான் ஏறும். ஆர்சனிக்கும் அப்படியே.

கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில், துலாரே மாவட்டத்தில் கிழக்கு ஒரோசி மாதிரிச் சின்னச் சின்ன ஊர்கள், பெரும்பாலும் லத்தீன் மக்கள். பல பத்தாண்டு உரமும் மாட்டுச் சாணமும் நிலத்தடி நீரில் இறங்கி, குழாயைத் திறந்தால் நைட்ரேட். சட்ட வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம், நைட்ரஜன் கணக்கில். கைக்குழந்தைக்குப் பால் மாவு கலக்கும்போது இந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பிள்ளை நீலம் பாரித்துப்போகும் என்பதற்காகத்தான் அந்த வரம்பே. கர்ப்பத்துக்கு என்ன செய்யும் என்று பின்னால்தான் பார்த்தார்கள். 2021இல் ஸ்டான்போர்டு குழு ஒன்று, ஒரே தாயின் இரண்டு பிரசவங்களை ஒப்பிட்டு, தண்ணீரில் நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருந்த கர்ப்பத்தில் 31 வாரத்துக்குள் நிகழும் குறைப்பிரசவத்தின் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு என்று கண்டது. அதே தாய் என்பதால் ஏழ்மை, மரபு, சாப்பாடு என்று வேறு காரணம் சொல்லித் தப்பிப்பது கஷ்டம்.

சுத்தமான தண்ணீர் மனித உரிமை என்று கலிபோர்னியா 2012இல் சட்டம் போட்டது. பணம் ஒதுக்கியது 2019இல், ஆண்டுக்கு 13 கோடி டாலர் வரை. நடுவில் ஏழு வருஷம் அந்தக் குடும்பங்கள் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தன, குழாய்த் தண்ணீருக்கும் பில் கட்டிக்கொண்டு. வீட்டில் வடிகட்டி வைப்பதென்றால் ஆர்.ஓ. நைட்ரேட்டைக் குறைக்கும், சாதாரணக் கரி வடிகட்டி குறைக்காது.

பிரவுன்ஸ்வில் சம்பவம் என்றால் என்ன?

டெக்சாஸின் தெற்கு நுனி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ. 1991இல் அங்கே ஒரே மருத்துவமனையில் 36 மணி நேரத்துக்குள் மூன்று குழந்தைகள் மூளை உருவாகாமல் பிறந்தன. மண்டையோட்டின் மேல்பாகமும் மூளையின் பெரும்பகுதியும் இல்லாத நிலை; பிழைக்காது. கணக்கெடுத்துப் பார்த்தால் அந்த மாவட்டத்தில் நரம்புக்குழாய்க் குறைபாடு வழக்கத்தைவிட ரொம்பவே அதிகம். எல்லைக்கு அப்பாலுள்ள தொழிற்சாலைப் புகைதான் காரணம் என்று முதலில் எல்லாரும் நினைத்தார்கள்.

பின்னால் 2006இல் வந்த ஆய்வு வேறொரு பக்கம் கை காட்டியது: டோர்ட்டியா, அதாவது மக்காச்சோள ரொட்டி. அந்த 1990–91 பருவத்து மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்து ஃபுமோனிசின் என்ற நஞ்சு அதிகமாக இருந்திருக்கிறது. செல்களுக்குள் ஃபோலேட் சத்து போவதை அது தடுக்கும். ஃபோலேட் இல்லாவிட்டால் கரு உருவான முதல் நாலு வாரத்தில் நரம்புக்குழாய் சரியாக மூடாது, அந்த நாலு வாரத்தில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரியாது. புகையின் பங்கு பூஜ்யம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் மூன்று வேளையும் சோள டோர்ட்டியா சாப்பிடும் குடும்பத்துக்கு நஞ்சு தட்டிலேயே வந்திருக்கலாம் என்பதை யாரும் முதலில் யோசிக்கவில்லை.

எனக்கு இதில் கோபம் வருவது அடுத்த கட்டத்தில். சத்தூட்டப்பட்ட கோதுமை மாவிலும் ரொட்டியிலும் ஃபோலிக் அமிலம் கலப்பதை அமெரிக்கா 1998இல் கட்டாயமாக்கியது. டோர்ட்டியாவுக்கான மாசா மாவு, அதாவது சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைக்கும் மாவு, அந்தப் பட்டியலில் இல்லை. லத்தீன் பெண்களின் பிள்ளைகளுக்குத்தான் இந்தக் குறைபாடு அதிகம் என்று தெரிந்தும், மாசாவில் கலக்கலாம், விருப்பப்பட்டால், என்று அனுமதி கிடைத்தது 2016இல். விருப்பப்பட்டவர்கள் குறைவு. கலிபோர்னியா 2024இல் சட்டம் இயற்றி, 2026 ஜனவரி முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள எந்தப் பெண்ணும் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை எடுப்பது நல்லது. தமிழ்ப் பெண்களுக்கும் இது பொருந்தும்.

ஈயம் எங்கிருந்து வருகிறது?

பல இடத்திலிருந்து. ஒன்று, ஊர் மண். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் வெர்னன் என்ற இடத்தில் எக்ஸைடு பேட்டரி மறுசுழற்சி ஆலை 2015இல் மூடப்படும்வரை பல பத்தாண்டு ஈயத்தைத் துப்பிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பாயில் ஹைட்ஸ், கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ், மேவுட், எல்லாம் லத்தீன் குடியிருப்பு. 1.7 மைல் வட்டத்தில் சுமார் 10,000 வீட்டு மனைகள் பாதிப்புப் பட்டியலில். 2020இல் நிறுவனம் திவால் நீதிமன்றம் வழியாக இடத்தைக் கைகழுவிவிட்டது. சுத்தம் செய்யும் செலவு மக்கள் தலையில். அந்தப் பகுதிப் பிள்ளைகளின் விழுந்த பால் பற்களை ஆராய்ந்து, பிள்ளை வயிற்றில் இருந்தபோது உருவான பல் அடுக்கிலேயே ஈயம் பதிந்திருப்பதைத் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினர் 2019இல் காட்டினார்கள். மர வளையம் பார்ப்பது மாதிரி.

இன்னொன்று அடுப்படி. பளபளப்பு மெருகு போட்ட மெக்சிகோ மண்பானைகளில் பீன்ஸ் வேகவைப்பது, எலுமிச்சையோ தக்காளியோ ஊற்றுவது. புளிப்பு ஈயத்தை இழுக்கும். அப்புறம் கைவைத்தியம். பிள்ளைக்குச் சாப்பாடு குடலில் ஒட்டிக்கொண்டது என்பதை அவர்கள் எம்பாச்சோ என்பார்கள். நம் ஊரில் தொக்கம் என்று சொல்லி எடுப்பார்களே, அச்சு அசல் அதுதான். அதற்கு கிரேட்டா என்ற மஞ்சள் தூளும் அசார்கோன் என்ற ஆரஞ்சுத் தூளும் கொடுப்பது உண்டு, இரண்டும் கிட்டத்தட்ட முழு ஈய ஆக்சைடு. சில கர்ப்பிணிகளுக்கு மண், சுட்ட ஓடு, பானைத் துண்டு தின்னும் ஆசை வரும். அதுவும் ஒரு வழி.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். மசக்கையில் சாம்பலும் அடுப்பு மண்ணும் தின்ற பாட்டிக் கதை எத்தனை வீட்டில் இருக்கிறது? நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை கண்டறிந்து 2012இல் வெளியான ஒரு தொகுப்பில், ஆயுர்வேத மருந்தால் ஈயம் ஏறிய ஆறு பேருமே கர்ப்பிணிகள். ஐந்து பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். சில குங்குமங்களிலும் மஞ்சள்தூள்களிலும் ஈயம் பிடிபட்டிருக்கிறது. "பாரம்பரியம்" என்று சொன்னதும் சந்தேகப்படவும் வேண்டாம், சரணடையவும் வேண்டாம். ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

எண்ணெய்க் கிணறுகள் பக்கத்தில் இருப்பவர்கள்?

தெற்கு டெக்சாஸின் ஈகிள் ஃபோர்டு பகுதியில் தேவையில்லாத எரிவாயுவை இரவெல்லாம் கொளுத்திவிடுவார்கள், கொள்ளிவாய்ப் பிசாசு வரிசையாக நிற்கிற மாதிரி. வீட்டுக்கு 5 கிலோமீட்டருக்குள் கர்ப்ப காலத்தில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட முறை இப்படி எரிந்திருந்தால் குறைப்பிரசவ வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்று 2020இல் ஒரு ஆய்வு. இந்தப் பாதிப்பு லத்தீன் தாய்மார்களிடம்தான் தெரிந்தது.

அழகு சாதனங்களிலும் பிரச்சினை என்கிறார்களே?

சாலினாஸிலேயே 100 லத்தீன் பருவப்பெண்களை வைத்து எர்மோசா என்று ஒரு சின்ன ஆய்வு நடந்தது. எர்மோசா என்றால் அழகி. மூன்று நாள் மட்டும் தாலேட், பாரபென் போன்ற ரசாயனங்கள் இல்லாத கிரீம், ஷாம்பு. மூன்றே நாளில் சிறுநீரில் மெத்தில் பாரபென் 44 சதவீதம் குறைந்தது. ஆக, உடம்பு இவற்றைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும், நிறுத்தினால் பலன் உடனே. சிவப்பழகுக் கிரீம் வேறு ஜாதி: லேபிள் இல்லாமல், அல்லது பிரித்து மறுபடி ஒட்டிய டப்பாவில், எல்லை தாண்டி வரும் சில கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. கர்ப்பிணி மட்டுமில்லை, அவள் முகத்தை முத்தமிடும் பிள்ளைக்கும் ஏறும்.

இவ்வளவு ஆபத்து என்றால் லத்தீன் குழந்தைகள் ஆரோக்கியமாகப் பிறப்பதாகச் சொல்கிறார்களே?

உண்மைதான், ஆய்வாளர்கள் இதை லத்தீன் முரண் என்பார்கள். மெக்சிகோவில் பிறந்து வந்த தாய்மார்களின் பிள்ளைகள், வருமானத்தைப் பார்த்தால் எதிர்பார்ப்பதைவிட நல்ல எடையோடு பிறக்கின்றன. உறவு, சாப்பாடு, புகைப்பழக்கம் குறைவு என்று பல விளக்கம். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த மகளுக்கு அந்த அனுகூலம் தேய்ந்துபோகிறது. வந்த பிறகு சேர்வதும் இருக்கிறது: சோபா நுரையில் கலந்த தீத்தடுப்பு ரசாயனம் சாலினாஸ் பிள்ளைகளின் ரத்தத்தில், மெக்சிகோவில் வளர்ந்த பிள்ளைகளைவிட ஏழு மடங்கு இருந்தது. கலிபோர்னியாவின் 1970களின் தீ விதி ஒன்றின் பக்கவிளைவு அது, 2013இல் மாற்றினார்கள்.

கர்ப்பிணி வேலையை விட்டுவிடலாமே?

விட்டால் வாடகை யார் கொடுப்பது? இந்தக் கேள்வி எப்போதும் நல்ல மனசோடுதான் வருகிறது, ஆனால் பாரத்தை மறுபடி அவள் தலையில்தான் வைக்கிறது.

இருக்கிற உரிமைகளைச் சொல்கிறேன். 2023 ஜூன் 27 முதல் கர்ப்பிணித் தொழிலாளர் நியாயச் சட்டம் நாடு முழுக்க நடைமுறையில் இருக்கிறது: 15 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளி, கூடுதல் இடைவேளை, உட்கார இடம், மருந்து படாத வேறு வேலை போன்றவற்றை நியாயமான அளவில் தர வேண்டும். கலிபோர்னியாவில் 5 பேர் இருந்தாலே, மருத்துவர் சான்று கொடுத்தால், நாலு மாதம் வரை வேலை போகாமல் விடுப்பு. மாநில ஊனக் காப்பீட்டிலிருந்து ஓரளவு பணமும் வரும், குடியுரிமைத் தாள் இல்லாதவர்களுக்கும். மருந்தடித்த வயலுக்குள் குறிப்பிட்ட மணி நேரம் போகக்கூடாது என்று கூட்டாட்சி விதி. எப்போது அடித்தது, என்ன மருந்து என்று கேட்கும் உரிமையும் உண்டு. மேஸ்திரியிடம் கேட்கும் தைரியம் வேறு விஷயம். மிஷ்டெக் பேசுபவளுக்கு ஸ்பானிஷ் பலகை வெறும் படம்தான். அதனால்தான் ஆக்ஸ்நார்டு, சாலினாஸ் பக்கம் அந்த மொழியே பேசும் சுகாதாரத் தொண்டுப் பெண்கள், புரொமோத்தோராக்கள், வீடு வீடாகப் போகிறார்கள்.

வீட்டளவில் முடிந்தவை: வேலை உடுப்பைத் தனியாகத் துவைப்பது, செருப்பை வாசலில் விடுவது, குளித்த பிறகே பிள்ளையைத் தூக்குவது, இரும்புச்சத்தும் கால்சியமும் குறையாமல் சாப்பிடுவது (குறைந்தால் குடல் ஈயத்தை அதிகம் உறிஞ்சும்), முதல் பரிசோதனையிலேயே "நான் இன்ன வேலை செய்கிறேன், இன்ன தண்ணீர் குடிக்கிறேன்" என்று மருத்துவரிடம் சொல்லி ஈயப் பரிசோதனை கேட்பது.

சரி, நான் ஸ்ட்ராபெர்ரி சாப்பிடலாமா?

சாப்பிடுங்கள், ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி. அமெரிக்காவில் விளையும் ஸ்ட்ராபெர்ரியில் சுமார் 90 சதவீதம் கலிபோர்னியாவில்தான் விளைகிறது, கர்ப்பிணிகளுக்கும் நல்ல பழம். ஆனால் கழுவுவதால் போவது பழத்தின் மேல் இருக்கும் மிச்சம் மட்டும். நடுவதற்கு முன் மண்ணில் ஏற்றிய வாயு பழத்தோடு நம் வீட்டுக்கு வருவதே இல்லை. அது பல மாதம் முன்னாலேயே வயலிலிருந்து கிளம்பி, பக்கத்துத் தெருவில் யாரோ சுவாசித்து முடித்துவிட்ட ஒன்று. ஆர்கானிக் என்று அச்சிட்ட டப்பாவின் பழம் விளைந்த வயலில் அந்த வாயுவை ஏற்றுவதில்லை, விலை கூடுதல். கட்டுப்படியானால் அதை வாங்கச் சொல்வேன். வாங்கும்போது உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வாங்க வேண்டாம், அந்த வாயுவைப் பொறுத்தவரை உங்கள் பிள்ளைக்கு இரண்டு டப்பாவுமே ஒன்றுதான்.